ஆட்டோ சங்கர் கேஸ் நடந்தப்போ எங்கப்பா ஆட்டோ ஓட்டிட்டிருந்தாரு

எங்கப்பா 80கள்ல அடையார் பக்கம் ஆட்டோ ஓட்டினவரு, அதனால ஆறு பேரைக் கொன்ன ஆட்டோ சங்கர் கேஸைப் பத்தி யார் பேசினாலும் எனக்கு மொதல்ல அவர் ஞாபகம்தான் வரும். 1988ல திருவான்மியூர்ல வீட்டுக்குள்ள புதைச்ச பொணங்களைத் தோண்டி எடுத்த சேதி பரவினதும் கௌரிசங்கர்ங்கிற பேரு போய் ஊர் முழுக்க ஆட்டோ சங்கர்னு ஆயிடுச்சு, அதுக்கப்புறம் இருட்டிட்டா லேடீஸ் தனியா ஏறவே யோசிப்பாங்க, ஏத்திவிட வந்தவங்க அப்பா கண்ணு முன்னாடியே வண்டி நம்பரை உள்ளங்கையில பேனாவால எழுதிப்பாங்க. அப்பா ஒண்ணும் சொல்லாம மீட்டரைப் போட்டுட்டுக் கிளம்பிடுவாரு. வீட்டுக்கு வந்துதான் அம்மாகிட்ட கொட்டுவாரு, "அவன் சம்பாதிச்சதெல்லாம் சாராயத்துலயும் விபச்சாரத்துலயும், மாமூல் போகாம இத்தனை வருஷம் அது நடக்குமா, வாங்கினவனை விட்டுட்டு என்னைச் சந்தேகமா பாக்கறாங்க"ன்னு. 1990 ஆகஸ்ட்ல அவன் சென்னை மத்திய சிறையிலேர்ந்தே தப்பிச்சப்போ அப்பா சொன்னது சரிதான்னு தெருவே பேசிச்சு, உள்ள ஆள் இல்லாம அங்கேர்ந்து வெளிய வர முடியுமா? கடைசில ஒரிசாவுல ரூர்கேலா வரைக்கும் போய்த்தான் பிடிச்சாங்க. 1991 மே மாசம் ஆறு கொலைக்கும் சேர்த்து செங்கல்பட்டு கோர்ட் தூக்கு குடுத்துச்சு, 1995 ஏப்ரல் 27 சேலம் ஜெயில்ல தூக்குல போட்டாங்க.

மேல எழுதின அண்ணா, உங்கப்பா சொன்ன மாமூல் விஷயம்தான் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. நான் சட்டம் படிச்சவ, ராஜகோபால் வழக்குன்னு பாடத்துலயே வரும். ஆட்டோ சங்கர் ஜெயில்ல எழுதின சுயசரிதையில அதிகாரிங்களோட தொடர்பு பத்தியெல்லாம் இருக்குன்னு சொல்லி, ராஜகோபால் ஆசிரியரா இருந்த நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போனப்போ, இதைப் போடக்கூடாதுன்னு சிறைத்துறை லெட்டர் அனுப்பிச்சு. வெளிவர்றதுக்கு முன்னாடியே தடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லைன்னு 1994 அக்டோபர்ல தீர்ப்பு வந்துச்சு, தனியுரிமைக்கு இன்னிக்கும் அதை மேற்கோள் காட்டறாங்க. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தீர்ப்பு மனப்பாடம், செத்துப் போன ஆறு பேர்ல ஒருத்தர் பேரு கூட யாருக்கும் தெரியாது, கேட்டா பரீட்சைக்கு வராதும்மான்னு சார் சொல்லிட்டாரு. எனக்கு அது ரொம்பக் கோவமா இருந்துச்சு, லைப்ரரில உக்காந்து அப்பீல் தீர்ப்பைத் தேடி எடுத்து அந்தப் பேருங்களை நோட்ல எழுதி வெச்சேன்.