ஸ்கேட்போர்டு வீடியோக்களுக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை?

மெதுசக்கரம்: லண்டன் டிசைன் மியூசியம் 2023இல் ஸ்கேட்போர்டு வரலாற்றைக் கண்காட்சியாக வைத்தது. ஓட்டிப் பார்க்க உள்ளேயே ஒரு சறுக்குமேடையும் கட்டினார்கள். அது போதாது. எண்பது, தொண்ணூறுகளின் வீடியோக்களையும் அருங்காட்சியகங்கள் திரையிட வேண்டும், எடுத்தவர்களை மேடையேற்றிக் கொண்டாட வேண்டும். ஸ்டேசி பெரால்டா இயக்கிய 'போன்ஸ் பிரிகேட் வீடியோ ஷோ' (1984) பார்த்துத்தான் ஒரு தலைமுறையே ஓட்டக் கற்றது.

கரடுதார்: அவருடைய பவல் பெரால்டா கம்பெனி பலகை விற்க எடுத்த விளம்பரம் அது. விளம்பரத்துக்கு விழாவா?

மெதுசக்கரம்: ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1891இல் பாரிஸின் மூலான் ரூஜ் கேளிக்கை அரங்குக்கு வரைந்த சுவரொட்டியும் விளம்பரம்தான், அதை மாட்டாத அருங்காட்சியகமா? ஸ்பைக் ஜோன்ஸின் 'வீடியோ டேஸ்' (1991) பாருங்கள். ஸ்கேட்டர் மார்க் கொன்சாலஸ் தெருவில் ஓட்டுகிறார், பின்னணியில் ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ். கடைசியில் மொத்தக் குழுவும் காரோடு மலையிலிருந்து விழுந்து செத்ததாகக் காட்டுகிறார்கள். சரக்கு விற்கிறவன் இப்படியா யோசிப்பான்? அதே ஜோன்ஸ்தான் 2014இல் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார்.

கரடுதார்: ஆஸ்கர் வந்துவிட்டதா, சரி. ஹாலிவுட் போனவருக்கு நாற்காலி கிடைக்கும். விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டவனுக்கு?

டேப்புப்பூச்சி: இருவரும் கேமராவை விட்டுவிட்டீர்கள். சோனி விஎக்ஸ்1000, 1995இல் வந்தது. மேலே கைப்பிடி இருப்பதால் தரையோடு தரையாகப் பிடிக்கலாம். பரந்த கோணத்தில் காட்டும் மீன்கண் லென்ஸை மாட்டிக்கொண்டு, எடுப்பவரும் பலகையில் கூடவே உருள்வார். கொஞ்சம் தப்பினால் பலகை லென்ஸில் மோதும். இந்தக் கைவேலையைப் பற்றி எடுத்தவர் வாயால் கேட்க நான் டிக்கெட் வாங்குவேன்.

கரடுதார்: கைவேலையை மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரின் லவ் பார்க் சதுக்கத்தை யோசியுங்கள். எத்தனை வீடியோவில் வந்த இடம்! 2002இல் நகராட்சி ஸ்கேட்டர்களைத் துரத்தியது. அந்த வளாகத்தை முதலில் யோசித்த நகரத் திட்டமிடுநர் எட்மண்ட் பேகனே, 92 வயதில், எதிர்ப்பு தெரிவிக்க அங்கே பலகையில் ஏறி நின்றார். 2016இல் இடிக்கும் முன் சில நாள் மட்டும் அனுமதி கொடுத்தார்கள். உயிரோடு இருக்கும்போது விரட்டு, செத்த பிறகு மாலை போடு. மேடை விழாவும் அந்த ரகம்தான்.

மெதுசக்கரம்: அந்தப் பழைய பூங்கா எப்படிப் புழங்கியது என்பது இன்று அந்த டேப்புகளில்தான் இருக்கிறது. காந்த நாடா நாளாக நாளாகக் கெடும். யூடியூபில் சுற்றுவது பெரும்பாலும் பிரதியின் பிரதி.

கரடுதார்: அப்படியானால் விழாக் காசில் மூல டேப்பை டிஜிட்டலாக்குங்கள், கை தட்டுகிறேன். திரையிட்டே ஆக வேண்டுமென்றால் பார்சிலோனா மக்பா அருங்காட்சியகத்தின் வாசல் இருக்கிறதே. பல வருடமாக உலகமே வந்து ஓட்டுகிற இடம். அங்கே வெளியில் திரை கட்டுங்கள், நானும் வருகிறேன்.

டேப்புப்பூச்சி: பகலில் வேண்டாம் ஐயா, வெயிலில் ஒன்றும் தெரியாது.