கடலூர் மணல் மண்ணுக்கு எந்த அத்தி?

மஞ்சக்குப்பம் பாட்டி:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம் இருக்கிறது, மணல் கலந்த மண். கொய்யாவும் சீத்தாவும் நன்றாகவே வருகின்றன. பேரப்பிள்ளைகளுக்குக் காய்ந்த அத்தி என்றால் உயிர், அதனால் இரண்டு சீமை அத்தி வைக்க ஆசை. நர்சரியில் பூனா, டயானா, பிரௌன் டர்க்கி என்றார்கள். எதை எடுக்க? ஆண் மரமும் வேண்டுமா?

வில்லியனூர் தோட்டக்காரன்:
ஆண் மரம் வேண்டாம் அம்மா. இந்த மூன்றும் தானாகவே காய்ப்பவை. ஸ்மிர்னா வகைக்குத்தான் குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். அதை மட்டும் வாங்காதீர்கள்.

என்னிடம் பூனாவும் டயானாவும் ஆறு வருஷமாக நிற்கின்றன. டயானா பெரிய பழம், பல்லாரி பக்கம் காயவைக்க அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் நம் கடற்கரைக் காற்றில் மாடியில் பரப்பினேன், மூன்றாம் நாளே பூஞ்சணம். பறித்த கையோடு சாப்பிடப் பூனாதான். ஊதா கலந்த பழுப்புத் தோல், உள்ளே இளஞ்சிவப்பு. முதல் செடி பூனாவாக இருக்கட்டும்.

அதைவிட முக்கியம் மழை. ஐப்பசியில் இலையின் அடிப்பக்கம் விரலால் தேய்த்துப் பாருங்கள், செம்பழுப்புப் பொடி ஒட்டும். துரு நோய் அது, இலை மொத்தமும் கொட்டிவிடும். அந்த நேரத்தில் பழம் இருந்தால் வெடித்து, பழத்தின் நுனியில் இருக்கும் வாய் வழியே எறும்பு ஏறும். அதனால் நான் பொங்கல் முடிந்ததும் கவாத்து செய்கிறேன், வைகாசி கடைசியில் பழம் கிடைக்கிறது. வெட்டும்போது கையுறை போடுங்கள், பால் பட்டால் கொப்பளிக்கும்.

இன்னொன்று, மணலில் நூற்புழு, வேருக்குள் புகும் கண்ணுக்குத் தெரியாத புழு. என் முதல் செடி காரணமே தெரியாமல் வாடியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க மிளகு கோத்த மாதிரி முடிச்சு. அன்று மனசே விட்டுப்போனது. குழியில் வேப்பம்பிண்ணாக்கு போடாமல் நடாதீர்கள்.

பாகூர் மாடித்தோட்டம்:
நான் பிரௌன் டர்க்கியைப் பாதி டிரம்மில் வைத்திருக்கிறேன். புதுக் கிளையில் காய்ப்பதால் வெட்டி வெட்டிச் சின்னதாகவே வைத்துக்கொள்ளலாம். புது மண், நூற்புழுத் தொல்லையும் இதுவரை இல்லை. அப்புறம் அக்கா, காயாகப் பறித்தால் அத்தி பழுக்காது. காம்பு வளைந்து பழம் தொங்கும்வரை விடுங்கள். அதற்குள் அணிலும் கொண்டைக்குருவியும் வந்துவிடும், பழைய கொசுவலையைக் கட்டிவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் பாட்டி:
ரொம்ப நன்றி தம்பிகளா. சரி, தரையில் ஒரு பூனா, மாடியில் டிரம்மில் ஒரு பிரௌன் டர்க்கி. பிண்ணாக்கு குழிக்கு எவ்வளவு?

வில்லியனூர் தோட்டக்காரன்:
நான் ஒரு கிலோ போட்டேன் அம்மா, மக்கிய சாணி எருவோடு கலந்து. இந்த மழை முடியட்டும், தையில் நடுங்கள். என் பூனாவைக் கவாத்து செய்யும்போது நல்ல குச்சிகளாக எடுத்துவைக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.