நரம்பு வலையா, நரப்பு வலையா, துடிநரம்பு வலையா?

அன்பின் நண்பர்களுக்கு,

வெள்ளிக்கிழமை செயற்தாள் அச்சுக்குப் போகவேண்டும். சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் வகுப்பு. ரோபோ வடிவமைப்பாளர் மார்க் டில்டன் வகுத்த, கணினியே இல்லாத ரோபோச் சுற்றுக்கு (ஆங்கிலத்தில் nervous network) நாம் இன்னும் தமிழ்ப் பெயர் வைக்கவில்லை. ‘நரம்பு வலையமைப்பு’ என்றால் மாணவர்கள் செயற்கை நுண்ணறிவை நினைக்கிறார்கள். அது கற்கும். இது துடிப்பைக் கைமாற்ற மட்டுமே செய்யும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய 74எச்.சி.14 சில்லில், உள்ளீட்டைத் தலைகீழாக்கும் படலைகள் (gates) ஆறு. ஒவ்வொன்றின் உள்ளீட்டிலும் ஒரு கொள்ளளவி, மறைமுனைக்கு ஒரு தடையி. 0.22 மைக்ரோபரட், 1 மெகா ஓம் போட்டால் கால மாறிலி, அதாவது துடிப்பு ஒரு படலையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு, 0.22 செக்கன். நான்கை வளையமாகக் கோத்து எல்.ஈ.டி. பொருத்தினோம், ஒன்று அணைய அடுத்தது எரிந்தது. “அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறுகிறது, சேர்” என்றாள் ஒரு மாணவி. அவளுக்கு விளங்கும் சொல்தான் எனக்கு வேண்டும்.

‘படலை’யை ‘வாயில்’ ஆக்கச் சொன்ன சென்னை நண்பருக்கு: இங்கே பள்ளியில் படிப்பது தர்க்கப் படலைதான். கொழும்பு மாடிவீட்டுப் பிள்ளையும் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் படலையைத் திறந்துதான் உள்ளே நுழைகிறது.

ஐயா சொன்ன ‘நரப்பு வலை’ இலக்கணப்படி சரியே. இருப்புப்பாதை, நரப்புக்கருவி எல்லாம் அந்த வழி வந்தவை. ஆனால் கரும்பலகையில் எழுதியதும் இருவர் எழுத்துப்பிழை என்று திருத்த எழுந்துவிட்டார்கள்.

உயிரற்றதற்கு நரம்பு எதற்கு என்று அக்கா கேட்டிருந்தார். யாழுக்கு நரம்பு இருந்ததே! தொல்காப்பியர் ‘நரம்பின் மறை’ என்றது இசைநூலைத்தான். இன்னொன்று: இந்தச் சில்லில் உள்ள ஷ்மிட் சுற்றை ஓட்டோ ஷ்மிட் 1934இல் உருவாக்கியதே கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு பரவும் விதத்தை ஆராய்ந்தபோதுதான். ‘நரம்பு’ என்ற சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை.

ஆகவே ‘துடிநரம்பு வலை’. வினைத்தொகை: துடித்த, துடிக்கின்ற, துடிக்கும் நரம்பு. வளையத்தில் துடிப்பு கடந்த படலை, நிற்கும் படலை, போகவிருக்கும் படலை மூன்றையும் ஒரே சொல் பிடித்துக்கொள்கிறது. மூவர் சம்மதித்துவிட்டார்கள். ஐயாவின் மறுமொழிக்குக் காத்திருக்கிறேன்.

ஐயாவின் மறுமொழி:

தம்பி, துடி என்றால் உடுக்கை போன்ற பறை. புறநானூற்றில் பாணனோடு துடியனும் வருகிறான். முதன்முதலாகக் காண்பவர் உடுக்கையின் நரம்பு என்றே எடுத்துக்கொள்வார். வினைத்தொகை நயம் எனக்கும் பிடித்திருக்கிறது, சொல் பிடிக்கவில்லை. அச்சுக்கு நாளில்லை என்பதால் தடுக்கமாட்டேன். அடைப்புக்குறிக்குள் ‘நரப்பு வலை’யையும் போட்டுவிடுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் இதை மீண்டும் எடுப்பேன்.