புது ராணி முட்டையிட்டதா? 21 நாள் காத்திருந்த அனுபவம்

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீடு. பின்னால் தென்னையும் கமுகும் நிற்கும் சின்ன விளையில் நாலு தேன் பெட்டி வைத்திருக்கிறேன். எல்லாமே இந்தியத் தேனீ. ஜனவரி வாக்கில் ரப்பர் தளிர்க்கத் தொடங்கினால் தேன் வரத்து வந்துவிடும். அதற்குள் இன்னொரு கூட்டம் தேற்றிவிடலாம் என்று டிசம்பர் தொடக்கத்தில் பலமான ஒரு பெட்டியின் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். புது ராணி வளரும் முதிர்ந்த ராணி அறை தொங்கிய அடையைப் புதுப் பெட்டிக்கு மாற்றினேன். பழைய ராணி தாய்ப் பெட்டியிலேயே இருந்தது.

9ஆம் நாள் திறந்தபோது ராணி அறையின் நுனி வட்டமாக வெட்டித் திறந்திருந்தது. மனசு குளிர்ந்தது. பக்கவாட்டில் ஓட்டை இருந்தால் வேறு ராணி கடித்துக் கொன்றிருக்கும். இது நல்லபடியாக வெளியே வந்த அடையாளம். ஆனால் எவ்வளவு தேடியும் ராணி கண்ணில் படவில்லை. இணை சேராத ராணி ஒல்லியாக இருக்கும், ஓரிடத்தில் நிற்காது. அப்புறம் நாலு நாள் விடாத மழை. வெளியே பறந்துதானே இணை சேர வேண்டும்? எனக்குத் தூக்கமே இல்லை.

14ஆம் நாள் மழை வெறித்ததும் மறுபடி திறந்தேன். ஒரு முட்டைகூட இல்லை. பக்கத்து விளை மாமாவைக் கூப்பிட்டேன். 1991-92இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் வைரஸ் வந்து குமரி மாவட்டத்துப் பெட்டிகள் அழிந்தபோது தன் பெட்டிகளையும் இழந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர். அதனால் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் புழுவைத்தான் பார்ப்பார்.

தும்புப் புகை லேசாகக் காட்டி அடையைத் தூக்கிப் பார்த்தார். "ராணியத் தேடாத மக்களே, முட்டையத் தேடு. மத்தியானத்துக்கு மேல தெறக்கவே தெறக்காத. அவ பறக்கப் போற நேரம், திரும்பி வரும்போ வீடு கலஞ்சு கெடந்தா தடுமாறிப் போவா" என்றார். பிறகு தாய்ப் பெட்டியிலிருந்து முட்டை உள்ள அடை ஒன்றை, தேனீக்களை உதறிவிட்டு, இதில் வைக்கச் சொன்னார். ராணி இல்லாத கூட்டமென்றால் அந்த அடையில் உடனே ராணி அறை கட்டத் தொடங்கும்.

17ஆம் நாள் அந்த ஒரு அடையை மட்டும் தூக்கினேன். ராணி அறை கட்டவே இல்லை. அப்படியென்றால் ராணி உள்ளே இருக்கிறது! நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. ஆனாலும் முட்டையைப் பார்க்கும்வரை நிம்மதி கிடையாது. வேலைக்காரத் தேனீயே முட்டையிட ஆரம்பித்திருந்தாலும் ராணி அறை கட்டாமல் விடுவதுண்டு. அப்போது ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை கிடக்கும், அதுவும் சுவரோரமாக. அவற்றிலிருந்து ஆண் தேனீதான் வரும்.

21ஆம் நாள் காலை, வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி நின்று நடு அடையைத் தூக்கினேன். புது அடை இளசு, படுக்கவைத்தால் ஒடிந்துவிடும். செங்குத்தாகவே பிடித்தபடி உள்ளே பார்த்தேன். அறைகளின் அடியில் வெள்ளை நூலை நறுக்கி நட்டதுபோல் முட்டைகள். ராணியும் தெரிந்தது, வயிறு நீண்டு, நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

மூடிவிட்டு மாமாவுக்குப் போன் செய்தேன்.

"ஒரு அறைக்கு எத்தன கெடக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஒண்ணுதான் மாமா. நடுவுல நிக்குது."