சிகிச்சைத் துறப்பு முறி: சரியா?

வணக்கம்.

செவிலியர் வகுப்புக்கு ஒரு பாடம் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகள் பற்றிய பாடம். நோய் முற்றுமுன்பே குடும்பத்தையும் போதகரையும் உட்காரவைத்து, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தனக்குப் பேச்சு நின்றால் யார் பேசுவது என்று எழுதிவைக்கிறார்கள். இந்த 'அட்வான்ஸ் கேர் பிளானிங்'குக்குச் 'சிகிச்சைத் துறப்பு முறி' சரியா?

ம.செ.

---

தங்கச்சி, 'துறப்பு' வேண்டவே வேண்டாம். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் கண்ட 399 கறுப்பின ஆண்களை அரசு மருத்துவர்கள் குணப்படுத்தாமல் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்தக் கதை கேட்டு வளர்ந்த பாட்டியிடம் 'துறப்பு' என்று தாளை நீட்டினால், "எனக்கு வைத்தியம் பார்க்காமலிருக்க வழி தேடுகிறீர்களா?" என்றுதானே கேட்பார்? நம் பேச்சில் 'சொல்லிவைத்தல்' இருக்கிறதே, அதையே போடுங்கள்.

இரா.

---

அன்பர்களே, 'சொல்லிவைத்தல்' சிபாரிசு போல ஒலிக்கிறது. 'உயில்' ஆங்கில 'வில்'லின் திரிபு, அதுவும் வேண்டாம். 'முறி' ஓலைக்காலத்துச் சொல், ஆவணம் என்ற பொருள் தெளிவாக உண்டு.

அப்புறம், அவர்கள் அடக்க ஆராதனையை 'ஹோம்கோயிங்' என்கிறார்களே, அதற்கு 'வீடுபேறு' கையிலேயே இருக்கிறது. வீடு என்பது 'விடு' என்பதன் முதலெழுத்து நீண்டு பிறந்த சொல். அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு வீடு திரும்புவதும் விடுதலையும் ஒன்றாகவே இருந்தன. இரண்டையும் ஒரே சொல்லில் தாங்கும் மொழி வேறு எது?

த.கோ.

---

ஐயா, படிக்கவே சிலிர்க்கிறது. ஆனால் வகுப்பில் 'வீடுபேறு' என்றால் மோட்சம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், கிறிஸ்தவ நம்பிக்கை மறைந்துபோகும். 'வீடு திரும்பல்' போட்டுப் பார்த்தேன். ஒரு மாணவி, "டிஸ்சார்ஜா அக்கா?" என்று கேட்டாள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார் என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோமே!

ம.செ.

---

சரி, 'ஹோம்கோயிங்' அப்படியே இருக்கட்டும், விளக்கம் எழுதிவிடுங்கள். தலைப்புக்கு 'முன்விருப்பப் பராமரிப்புத் திட்டம்', உரையாடலில் 'சொல்லிவைத்தல்'. மூன்று பேர் தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள்.

இரா.

---

நான் ஒப்பவில்லை. முன்வினை, முன்பிறவி போல 'முன்விருப்பம்' என்றால் முன்பு இருந்து இப்போது இல்லாத விருப்பம் என்றும் பொருள்படும். சாகக் கிடப்பவரின் தாளில் அந்த ஐயம் வரலாமா? வெள்ளிக்குள் வேறு சொல் கிடைத்தால் அனுப்புகிறேன்.

த.கோ.