பழைய இ.எஸ்.டி. கன் கிடைத்திருக்கிறது: எந்தக் காலத்தது, எதற்கு உதவும்?

பம்ப்போர்டு_கோவை:
வணக்கம். பம்ப் ஸ்டார்ட்டருக்கான கன்ட்ரோல் போர்டு செய்கிறேன். மூடிய ஒரு டெஸ்ட் லேபின் சாமான்களோடு ஒரு இ.எஸ்.டி. கன் (நிலைமின்சாரப் பொறியைச் சுட்டுப் போர்டு தாங்குகிறதா என்று பார்க்கும் கருவி) வந்தது. மேனுவல் இல்லை, கம்பெனி ஸ்டிக்கரும் உரிந்துவிட்டது. உருண்டை முனை மட்டும்தான் இருக்கிறது. டயல் 15 கிலோவோல்ட் வரை. உடம்பில் "150 பிகோஃபாரட், 150 ஓம்" என்று அச்சிட்டிருக்கிறது. பொறி நன்றாக வருகிறது. இதில் தாங்கும் போர்டு லேபிலும் பாஸ் ஆகுமா?

லேப்மேசை:
கம்பெனி பெயர் போனால் போகட்டும், அந்த 150 ஓம்தான் முக்கியம். அது ஐ.ஈ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 801-2 தரத்தின் 1984 பதிப்புக்கான கன். அப்போது காற்று வழி டிஸ்சார்ஜ் மட்டும்தான், அதனால்தான் கூர் முனை இல்லை. 1991 பதிப்பில் ரெசிஸ்டர் 330 ஓம் ஆனது, முனையைத் தொட்டுச் சுடும் முறையும் வந்தது. இன்றைய ஐ.ஈ.சி. 61000-4-2 தரமும் அதே வழிதான். கன்னில் 330 ஓம் என்று இருந்தாலும் பதிப்பைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

லேபில் பாஸ் ஆகும் என்று சொல்ல முடியாது. பழைய தரத்தில் கரண்ட் உச்சத்துக்கு ஏற 5 நானோநொடி போல ஆகும். இப்போதைய அலை 1 நானோநொடிக்குள் ஏறிவிடும். மைக்ரோகன்ட்ரோலரை ரீசெட் செய்வது பெரும்பாலும் அந்த முதல் கூர்மைதான். ஆனால் இதிலேயே விழும் போர்டை லேபுக்குக் கொண்டு போவது வீண் செலவு. பலவீனமான இடம் தேட இது அருமையான கருவி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஸ்கோப்பன்:
வோல்டேஜ் சரிபார்க்கும்போது கவனம். சாதாரண மல்டிமீட்டரை முனையில் வைக்கவே கூடாது. உள்ளே சார்ஜ் ரெசிஸ்டர் 100 மெகாஓம் வரை இருக்கலாம். அப்படி இருந்தால் உயர் வோல்டேஜ் அளக்கும் 1 கிகாஓம் புரோப்கூட 9 சதவீதம் போலக் குறைத்துக் காட்டும். அப்புறம், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

பம்ப்போர்டு_கோவை:
நன்றி. டிஸ்ப்ளே ஃபிரேமின் இடது கீழ் ஸ்க்ரூவில் 6 கிலோவோல்ட் சுட்டால் திரை உறைகிறது. மற்ற மூன்று ஸ்க்ரூவிலும் ஒன்றும் ஆகவில்லை.

லேப்மேசை:
அந்த ஸ்க்ரூவுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது பாருங்கள். கீபேடின் ரிப்பன் கேபிளோ ரீசெட் தடமோ ஒட்டிப் போனால் அதுதான் காரணமாக இருக்கும். முதலில் கேபிளை நகர்த்திப் பாருங்கள், பிறகு ரீசெட் பின்னுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கெபாசிட்டர்.

ஒன்று கட்டாயம்: மேசையில் உலோகத் தகடு வைத்து, அதன் மேல் 0.5 மில்லிமீட்டர் இன்சுலேஷன் ஷீட் விரித்துப் போர்டை வையுங்கள். தகட்டை இரண்டு 470 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த் செய்யுங்கள். கன்னின் 2 மீட்டர் எர்த் ஒயர் போர்டை ஒட்டிக் கிடக்கக் கூடாது. அது கிடக்கும் விதம் மாறினாலே முடிவும் மாறும். காற்று வழி என்பதால் ஈரப்பதமும், முனையைக் கொண்டு போகும் வேகமும் கணக்கில் வரும். ஒரே வேகத்தில், இரண்டு போலாரிட்டியிலும் (பிளஸ், மைனஸ்), ஒவ்வொரு இடத்திலும் பத்து முறையாவது சுடுங்கள். கேபிளை நகர்த்திய பிறகு எந்தக் கிலோவோல்ட்டில் உறைகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.