காலையில் தெரியாத தளர்ச்சி: நரம்பியல் மருத்துவர் குறித்து உதவி தேவை

முக்கூடலில் பீடி சுற்றும் என் மதினிக்கு வயது 34. கடந்த ஆடி மாதம் முதல் இடது கண் இமை சரிகிறது. பார்ப்பவை இரண்டிரண்டாகத் தெரிகின்றன. காலையில் எந்தக் குறையும் இராது. உச்சி சாய்ந்ததும் பீடிக்கு நூல் கட்டும் விரல்கள் தளர்ந்துவிடும். இரவில் பாதிச் சோறு உண்பதற்குள் தாடை ஓய்ந்து, அதைக் கையால் தாங்கிப் பிடித்துத்தான் மெல்லுகிறார்.

கண்ணாடி மாற்றிப் பார்த்தோம். பாளையங்கோட்டையில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கோளாறு இல்லை. தைராய்டு, ரத்தச்சோகைப் பரிசோதனைகளும் சரியாகவே உள்ளன. மருத்துவர்கள் பார்ப்பதோ முற்பகலில். அவ்வேளையில் அவர் நன்றாக இருப்பதால், மாலையில் எடுத்த காணொளியை நாங்கள் நீட்டியும் அதைப் பாராமல், "வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டுத் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அவரைச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை என்பதே எனக்குப் பெரும் ஆற்றாமை.

வேலை செய்யச் செய்யத் தளர்ந்து, ஓய்வெடுத்தால் தேறுவது மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் நோயின் முக்கிய அடையாளம்; மூளை எம்.ஆர்.ஐ.யில் அது தெரியாது. அதற்குரிய எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனையையோ, நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டித் தசையின் தளர்வை அளக்கும் பரிசோதனையையோ இதுவரை யாரும் எழுதித் தரவில்லை. இப்போது தண்ணீர் குடித்தாலே புரையேறுவதால் இனியும் காத்திருக்க அச்சமாக உள்ளது.

திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை ஆகிய ஊர்களில், இவ்விரு பரிசோதனைகளுக்கும் ஏற்பாடு செய்து, நோயாளி சொல்வதை முழுமையாகக் கேட்கும் நரம்பியல் மருத்துவர் யார்?